டவுன் சிண்ட்ரோம் உள்ள பள்ளிப் பிள்ளைகளின் உடல் இயக்கம்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டார ஊர்களிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இயன்முறைப் பயிற்சி அளித்துவரும் என்னிடம், பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் வகுப்பாசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். கைக்குழந்தைப் பருவத்தில் தவழவும் நடக்கவும் வைப்பதற்கு ஓடியாடி அலைந்த குடும்பங்கள்கூட, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பேச்சு, படிப்பு என்று கவனத்தைத் திருப்பிக்கொள்கின்றன. உடல் இயக்கம் அத்தோடு மறக்கப்பட்டுவிடுகிறது. அந்த மறதியால் இந்தப் பிள்ளைகள் இழப்பது அதிகம் என்பதாலேயே இவற்றுக்குச் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயதாகிறது. தூக்கினால் கை நழுவுவதுபோல் உடம்பு குழைகிறது. சத்துக் குறைவா?

சத்துக் குறைவு காரணமன்று. மனித உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய இடத்தில், 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்து 47 ஆவதே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் காணப்படும் நிலை. பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். அந்தக் கூடுதல் குரோமோசோமின் விளைவுகளில் உடல் இயக்கத்தைத் தொடுபவை சில உண்டு. முதலாவது, தசைகள் ஓய்வில் இருக்கும்போது இயல்பாகக் கொண்டிருக்க வேண்டிய இறுக்கம் குறைவாக இருப்பது. நீங்கள் சொல்லும் குழைவு இதுதான். இரண்டாவது, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் நெகிழ்ந்திருப்பதால் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது. மூன்றாவது, உடம்பின் நீளத்தோடு ஒப்பிடும்போது கைகளும் கால்களும் குட்டையாக இருப்பது. மற்றப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கும் படிக்கட்டுக் கம்பியும், கால் ஊன்றி உட்காரும் பெஞ்சும் இவர்களுக்கு எட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். நான்காவது, உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒத்திசைவையும் கவனிக்கும் சிறுமூளை, ஒப்பீட்டளவில் சிறியதாக இருப்பது.

இந்த நான்கும் சேர்ந்துதான் உங்கள் மகள் நடக்கும்போது கால்களை அகற்றி வைப்பதையும், படியில் இறங்கத் தயங்குவதையும், பென்சிலை அழுத்திப் பிடிக்க முடியாமல் திணறுவதையும் உண்டாக்குகின்றன. சோம்பல் என்றோ அசட்டை என்றோ யாராவது சொன்னால், அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அந்தக் குழைவு பயிற்சியால் போய்விடுமா?

முழுவதும் போகாது, வயது ஏற ஏற ஓரளவு குறையும். ஆனால் தசையின் இறுக்கம் வேறு, தசையின் வலிமை வேறு. வலிமையைப் பயிற்சியால் நிச்சயமாகக் கூட்ட முடியும். ஆஸ்திரேலியாவில் நோரா ஷீல்ட்ஸ் என்ற இயன்முறை ஆய்வாளரின் குழு, டவுன் சிண்ட்ரோம் உள்ள வளரிளம் பருவத்தினருக்கு வாரம் 2 முறை வீதம் 10 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்து, அவர்களின் தசை வலிமை கூடியதைப் பதிவு செய்திருக்கிறது. எனவே தளர்ந்த உடம்பு என்பதற்காக வேலை கொடுக்காமல் இருப்பதுதான் அந்த உடம்புக்கு நாம் செய்யும் பெரிய தீங்கு.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு படியை ஒரே தாவாகத் தாவுகிறான். என் மகன் எப்போது அப்படிச் செய்வான்?

பொதுவாகப் பிள்ளைகள் ஒரு வயதையொட்டி நடக்கத் தொடங்குகிறார்கள் என்றால், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சராசரியாக இரண்டு வயதில் நடக்கிறார்கள். சிலர் அதற்கு முன்பே நடந்துவிடுவார்கள், சிலருக்கு மூன்று வயதுக்கு மேலும் ஆகும். ஓடுதல், இரு காலால் குதித்தல், ஒற்றைக் காலில் நிற்றல், நொண்டியடித்தல் என்று சிக்கல் கூடக் கூட இந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகிறது. இதைப் பார்த்துத்தான் பல பெற்றோர் ஐந்தாறு வயதுக்கு மேல் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆயினும் திறன்கள் வந்து சேரும் வரிசை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், காலம்தான் நீள்கிறது. பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வாசல் திறந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டு, போன சித்திரைத் திருவிழாவின்போது உங்கள் மகனால் என்ன முடிந்தது, இந்தத் திருவிழாவுக்கு என்ன முடிகிறது என்று குறித்துவையுங்கள். எனக்கும் அந்தக் கணக்குத்தான் உதவியாக இருக்கிறது.

கழுத்து எலும்பு பற்றிப் பயமுறுத்துகிறார்கள். ஓட விடலாமா, குதிக்க விடலாமா?

இந்தக் கேள்விக்கு அவசரமின்றி முழுப் பதிலையும் படியுங்கள்.

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்கு நெகிழ்ந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நூற்றில் 10 முதல் 20 பேருக்கு அந்த நெகிழ்வு தெரியும். ஆனால் தண்டுவடம் அழுத்தப்பட்டு உண்மையிலேயே தொல்லை கொடுப்பது நூற்றில் 1 அல்லது 2 பேருக்குத்தான். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு எடுக்கும் எக்ஸ்ரே, நாளைக்குத் தொல்லை வருமா வராதா என்பதை நம்பகமாகச் சொல்வதில்லை என்பதால், அறிகுறி இல்லாத எல்லாருக்கும் அதை எடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தன் வழிகாட்டுதலில் கூறுகிறது. ஆகவே கழுத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துவிடுவது தேவையற்றது.

அதே சமயம் சில செயல்களைத் தவிர்க்க வேண்டும். தலையைத் தரையில் ஊன்றி அடிக்கும் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்கும் யோகாசனங்கள், தலைமேல் ஆள் விழும் விளையாட்டுகள் ஆகியவை இவர்களுக்கு வேண்டாம். பொருட்காட்சிகளில் பிள்ளைகளைக் குதிக்கவிடும் காற்றடைத்த மெத்தைகளிலும் டிராம்போலின் எனப்படும் துள்ளு வலைகளிலும் ஆறு வயதுக்குட்பட்டோரை விடவே கூடாது. அதற்கு மேற்பட்டவர்களையும் மருத்துவரிடம் கேட்டு, ஒரு பெரியவர் அருகில் இருந்தால் மட்டுமே விடலாம். பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதையும் கழுத்தைப் பற்றிய அச்சத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனெனில் மயக்கத்தில் கழுத்தை வளைக்கும்போதுதான் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

அறிகுறிகளை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்தல், நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை தடுமாறத் தொடங்குதல், கைகளில் வலு குறைந்து பொருள்களைக் கீழே போடுதல், கட்டுப்பாட்டுக்கு வந்திருந்த சிறுநீரோ மலமோ மீண்டும் தன்னையறியாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிள்ளை வலியைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். இது பிடிவாதம், சரியாகிவிடும் என்று ஒரு வாரம் காத்திருந்துவிடாதீர்கள்.

உடல் பயிற்சி தொடங்குமுன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருப்பதால், இதய மருத்துவர் எந்த அளவு உழைப்பை அனுமதிக்கிறார் என்பதை எழுத்தில் வாங்கிப் பள்ளியிலும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பார்வையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. படியில் இறங்க அஞ்சும் பிள்ளைக்குப் படியின் விளிம்பே தெரியாமல் இருக்கலாம், கரும்பலகையைப் பார்த்து எழுத மறுக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். காதுக்குள் நீர் தேங்குவது இவர்களிடம் மிகச் சாதாரணம் என்பதால் செவித்திறனையும் பார்க்க வேண்டும். இரவில் குறட்டைவிட்டு, மூச்சு நின்று நின்று வரும் பிள்ளை பகலில் எந்தப் பயிற்சியையும் ஏற்காது. அதற்கான தூக்கப் பரிசோதனையை நான்கு வயதுக்குள் செய்வது நல்லது. செய்யாமல் விட்டிருந்தால் இப்போதாவது கேளுங்கள்.

தரையில் கால்களைப் பின்பக்கம் விரித்து உட்காருகிறான். திருத்த வேண்டுமா?

முட்டியை மடக்கி, பாதங்களை இடுப்புக்கு இரு பக்கமும் தள்ளி, பிட்டம் தரையில் படும்படி உட்காரும் அந்த முறை, தளர்ந்த இடுப்பு மூட்டுள்ள பிள்ளைகளுக்கு மிக எளிது. வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் அதில் வேலையே இல்லை. அதனால்தான் அவனுக்குப் பிடிக்கிறது, அதனால்தான் நமக்கு வேண்டாம். அதட்டாமல், கால்களை ஒரு பக்கமாக மடித்தோ, சம்மணமிட்டோ, ஒரு சின்ன மணையில் பாதம் ஊன்றியோ உட்காரக் காட்டிக்கொடுங்கள். சம்மணத்திலும் முட்டிகள் தரையோடு தரையாகப் பரந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறை பெஞ்சில் பாதம் தொங்கிக்கொண்டிருப்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பாதத்துக்கு ஊன்றல் இல்லாத பிள்ளையின் இடுப்பு வழுக்கும், முதுகு வளையும், தோள் தளரும், கை எழுதாது. காலுக்கு அடியில் ஒரு மரப்பலகையோ, இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றியோ வைத்தால், எந்தச் செலவும் இல்லாமல் கையெழுத்து மேம்படுவதை அந்த வாரத்திலேயே பார்க்கலாம்.

தட்டைப் பாதம். என்ன செருப்பு வாங்குவது?

குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்புறமும், ஒட்டும் பட்டையும், வளையக்கூடிய முன்பகுதியும் உள்ள ஷூ போதும். ரப்பர் செருப்பில் இவர்களின் கால் வழுக்கிப் பிடிமானம் இழக்கும். உள்ளே வைக்கும் தாங்கி வேண்டுமா என்பதைப் பாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டுக்குள்ளும் மணலிலும் வெறுங்காலோடு நடக்கவிடுங்கள்.

இரண்டு பக்கம் எழுதினாலே கை வலிக்கிறது என்று அழுகிறாள். எழுத்தை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், ஆனால் எழுத்துக்கு முன்னால் வர வேண்டியவை வந்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள். எழுதுவது விரல் வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வயிறும் முதுகும் உடலை நிமிர்த்தி, தோள் அசையாமல் நின்று, மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி மடங்கினால்தான் விரல்களுக்கு அசையும் உரிமை கிடைக்கிறது. இந்தப் பிள்ளைகளின் கை சிறியது, விரல்கள் குட்டை, கட்டைவிரல் மூட்டு நெகிழ்வானது. ஆகையால் பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து எழுதுகிறார்கள்; வலிக்கத்தான் செய்யும்.

நான் முதலில் நோட்டை மூடச் சொல்வேன். சுவரில் சிலேட்டையோ கரும்பலகையையோ மாட்டி, நின்றுகொண்டு, குட்டையான சாக்பீஸ் துண்டால் எழுதச் சொல்வேன். செங்குத்தான பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகச் சரியான நிலைக்கு வரும். துண்டு குட்டையாக இருந்தால் முழுக் கையால் பிடிக்க இடமில்லாமல் விரல்நுனிகள் வேலைக்கு வரும். நீளமான புதுப் பென்சிலைவிடச் சீவிச் சீவிக் குறைந்துபோன பென்சில்தான் இவர்களுக்கு நல்லது. முக்கோண வடிவப் பென்சிலும் உதவும்.

எழுத்துகளின் வரிசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அகர வரிசையில் முதலில் வரும் ‘அ’, சுழித்து வளைந்து பின் நேராக இறங்கும் கடினமான எழுத்து. ‘இ’, ‘ஐ’ ஆகியவையும் அப்படியே. நேர்கோடுகளால் ஆன ‘ட’வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அது கைவந்ததும் அதோடு ஒரு கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. பிறகு ‘ம’, ‘ய’ என்று வளைவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ‘பட்டம்’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தான் ஒரு சொல்லை எழுதிவிட்ட பெருமை கிடைக்கிறது. சுழிகளைக் கற்கும் பொறுமை அதிலிருந்து வரும். ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ ஆகியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இவள் பாடத்தைத் தெரிந்துவைத்திருக்கிறாளா என்று சோதிக்கும் வேளையையும், இவளால் எழுத முடிகிறதா என்று சோதிக்கும் வேளையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அட்டைகளில் எழுதிய விடைகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வாயால் சொல்லச் சொல்லுங்கள், தட்டச்சு செய்ய விடுங்கள். எழுத்துப் பயிற்சி தனியாகப் பத்து நிமிடம் நடக்கட்டும். பொதுத் தேர்வு வரும் காலத்தில், சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற முடியும்.

விரல்களுக்கு வலு சேர்க்கும் பொருள்களை எங்கே வாங்குவது?

பெரும்பாலானவை உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பெட்டிகளை வாங்கும் முன், வீட்டில் பெண்கள் நாள் முழுவதும் செய்யும் வேலைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முருங்கைக்கீரை ஆய்வதில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நுனியோடு நுனி சேர்ந்து இலையை உருவ வேண்டியிருக்கிறது. மொச்சை உரிப்பதில் இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று பிடிக்கும், ஒன்று பிளக்கும். சப்பாத்தி மாவு பிசைவது தோளிலிருந்து உள்ளங்கை வரைக்கும் வலிமை தருகிறது. ஈரத்துணி பிழிவது மணிக்கட்டைத் திருப்புகிறது. டிபன் பாக்ஸ் மூடியையும் தண்ணீர் பாட்டிலையும் பள்ளியில் தானே திறக்க வேண்டிய பிள்ளைக்கு அந்தத் திருப்பம்தான் தேவை. கோலமாவை விரலிடுக்கில் விட்டுப் புள்ளி வைப்பது, பென்சில் பிடிப்புக்கு நான் அறிந்த மிகச் சிறந்த முன்பயிற்சி. பல்லாங்குழியில் ஒரு கைப்பிடி சோழியை அள்ளி ஒவ்வொன்றாக விடும்போது, உள்ளங்கையில் இருப்பவற்றை விரல்நுனிக்கு நகர்த்தும் நுட்பமான திறன் பழகுகிறது. சோழியையும் மணியையும் வாயில் போடும் பழக்கம் இன்னும் போகாத பிள்ளையானால், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள பல வீடுகளில் மல்லிகை கட்டுவது தெரிந்த ஒருவராவது இருப்பார். மொட்டுகளை ஜோடி ஜோடியாக எதிரெதிரே வைத்து, வாழைநாரை விரலில் சுற்றி முடிச்சிடும் அந்த வேலையை எடுத்த எடுப்பில் இவர்களிடம் கொடுக்க முடியாது. ஆனால் அதைப் பல படிகளாகப் பிரிக்கலாம். முதல் சில வாரங்கள் மலர்ந்ததையும் மொட்டையும் பிரித்து வைப்பது மட்டும். பிறகு காம்புகள் ஒரே பக்கம் இருக்குமாறு அடுக்கி ஜோடியாக எடுத்துக் கொடுப்பது. பிறகு ஊசியில் கோப்பது, அதுவும் முதலில் தடித்த கோணி ஊசியில். நார் முடிச்சு கடைசி. மேலூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி இரண்டாம் படிக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவளுடைய அப்பத்தா பூ கட்டும் நேரத்தில் இன்று அவள்தான் ஜோடி எடுத்துக் கொடுக்கிறாள்; பாட்டிக்கு அது விளையாட்டன்று, உண்மையான உதவி. பயிற்சிக்காகப் பயிற்சி என்று செய்யும்போது ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடும் பிள்ளைகள், தன் வேலை வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்தால் அரைமணி நேரம் உட்காருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் நாங்கள்தான் ஊட்டுகிறோம், உடுத்திவிடுகிறோம். காலையில் பள்ளி வேனுக்கு நேரமாகிவிடுகிறதே?

இதைச் சொல்லும்போது எந்தத் தாயையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காலை ஏழரை மணிக்கு வேன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது யாரும் பொத்தானுக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் அன்பினாலும் அவசரத்தாலும் நாம் செய்து முடிக்கும் ஒவ்வொரு வேலையும், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி. நான் சொல்லும் வழி, காலையை விட்டுவிட்டு மாலையைப் பிடித்துக்கொள்வது. பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக் கழற்றுவதை அவளே செய்யட்டும். கழற்றுவது உடுத்துவதைவிட எளிது, அந்த நேரத்தில் வாசலில் வேன் நின்று அவசரப்படுத்துவதும் இல்லை.

உடுத்தக் கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். கால்சட்டையை நீங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுத்துவிடுவதை அவனிடம் விடுங்கள். அது தானாக வந்ததும் தொடையிலிருந்து, பிறகு முட்டியிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து என்று பின்னோக்கிப் போங்கள். இந்த முறையில் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது பிள்ளைதான். சட்டைப் பொத்தானுக்கும் அதே வழி: துளையில் பாதி நுழைந்த பொத்தானை வெளியே இழுப்பது முதல் பாடம். சோறு பிசைந்து உண்பதில் கரண்டியைவிடக் கைதான் எளிது. முதலில் இட்லி, தோசையைப் பிட்டு உண்பது, பிறகு கெட்டியாகப் பிசைந்த சோறு. ரசம் சாதத்துக்கு அவசரமில்லை. தரையில் அமைந்த கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து எழ, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தால் போதும். குந்தி எழுவதே தொடைக்கு நல்ல பயிற்சி.

பயிற்சி நேரத்தில் தரையில் படுத்துக்கொண்டு எழ மறுக்கிறான். அடம் பிடிக்கும் குணமா?

சில நேரம் அடமாக இருக்கலாம். பெரும்பாலும் நாம் சொன்னது அவன் காதில் விழுந்து, புரிந்து, உடம்பு அந்த அசைவைத் திட்டமிட்டு முடிப்பதற்குள் நாம் மறுபடியும் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது முறை குரலை உயர்த்துகிறோம். ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை நமக்கு நீளமாகத் தெரியும், அவனுக்கு அது தேவை.

இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் வைப்பது கடினம். கண்ணால் கண்டதை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். ‘வலது காலைத் தூக்கி, கையைப் பக்கவாட்டில் நீட்டு’ என்று சொல்லும் இடத்தில் நீங்களே செய்து காட்டுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் இவர்களை வரிசையின் ஓரத்தில் நிறுத்தாமல், நன்றாக ஆடும் ஒரு பிள்ளைக்கு நேர் பின்னால் நிறுத்துங்கள். முன்னால் இருப்பவரின் அடியைப் பார்த்து வைத்துப் பார்த்து வைத்து, மேடையேறும் நாளில் அவன் ஆடுவான்.

விளையாட்டுப் பாடவேளையில் ஓரமாக உட்காரவைத்துவிடுகிறார்கள். என்ன கேட்பது?

பங்கெடுக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது சலுகையன்று. கல்வியிலும் விளையாட்டிலும் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களின் கடமையாக வைத்திருக்கிறது. உடற்கல்வி ஆசிரியரிடம் இதய மருத்துவரின் சீட்டையும், தவிர்க்க வேண்டியவற்றின் சிறு குறிப்பையும் கொடுத்துவிட்டால் அவருடைய பயமும் குறையும். பெரிய பந்து, குறைந்த தூரம், ஓடுவதற்குக் கூடுதல் நேரம் என்று விதியைச் சற்றே தளர்த்தினால் போதும். கடும் உழைப்பின்போது இவர்களின் இதயத் துடிப்பு மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை என்பதால் விரைவில் களைப்பார்கள். சிறு சிறு இடைவேளை விட்டு ஆடச் செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பயிற்சியே வேண்டாம்.

சைக்கிள் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெற்றோர் முதலில் கைவிடுவது அதைத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேல் உல்ரிக் குழுவினர், டவுன் சிண்ட்ரோம் உள்ள 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் பயிற்சி அளித்ததில், பாதிக்கும் மேற்பட்டோர் இரு சக்கர சைக்கிளைத் தாங்களாகவே ஓட்டக் கற்றனர் என்று 2011ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வு தெரிவிக்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கற்றுக்கொண்டவர்கள் முன்பைவிடக் குறைந்த நேரமே சும்மா உட்கார்ந்திருந்தனர். அவர்கள் பயன்படுத்திய தனிவகைச் சைக்கிள் நம்மிடம் இல்லாவிட்டாலும், பெடலைக் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தி, இரு பாதமும் தரையில் படும்படி தள்ளித் தள்ளிப் போகவிட்டால் சமநிலை முதலில் வந்துவிடும். பெடலைப் பிறகு மாட்டலாம். ஆளரவம் இல்லாத அதிகாலைப் பள்ளி மைதானம் இதற்கு நல்ல இடம்.

நீச்சலும் மிக நல்லது. காதுப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், கிணற்றிலும் கண்மாயிலும் வேண்டாம். போட்டியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் எட்டு வயதிலிருந்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் போட்டிகளில் கலந்துகொள்ளலாம்.

கோயில் கூட்டத்திலும் பேருந்திலும் என்ன செய்வது?

டவுன் பஸ்ஸின் முதல் படி இவர்களின் முட்டி உயரம் இருக்கும். வீட்டு வாசற்படியில் ஒரே காலை முன்வைத்து ஏறுவது, பிறகு கால் மாற்றி ஏறுவது, அதன் பிறகு இறங்குவது என்று பழக்குங்கள், இறங்குவதுதான் கடினம். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடந்து, அங்குள்ள படிகளில் உங்கள் கையைப் பிடித்து ஏறி இறங்கலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்து, கூட்டமில்லாத நேரத்தில் ஆடி வீதியில் வெறுங்காலோடு ஒரு சுற்று வருவதைப் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கல் தரை, உயர்ந்த வாயிற்படி, வெளிச்சமும் இருளும் மாறிமாறி வரும் பிராகாரம் ஆகிய எல்லாமே சமநிலைக்குப் பாடம்தான்.

இதற்கெல்லாம் உதவி எங்கே கிடைக்கும்?

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் அணுகுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்தத் திட்டம் 18 வயது வரை பொருந்தும், டவுன் சிண்ட்ரோம் அதன் பட்டியலில் உண்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் உடலியக்க மருத்துவப் பிரிவும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள், மற்றவை அதன்வழியே வரும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் சான்றளிக்கப்பட்டிருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தொடர் சிகிச்சைகளும் அதில் அடங்கும்.

வீட்டில் நாள்தோறும் எவ்வளவு நேரம் பயிற்சி தர வேண்டும்?

தனியாக உட்காரவைத்துச் செய்யும் பயிற்சி, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் அன்றாட வேலைகளுக்குள்ளேயே அமையட்டும்: தண்ணீர்க் குடத்துக்குப் பதிலாக ஒரு செம்பைத் தூக்கி வருவது, காய்ந்த துணியை மடிப்பது, கடையிலிருந்து அரைக் கிலோ உப்புப் பையைச் சுமந்து வருவது. எந்த வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது என்று குழப்பமாக இருந்தால், இன்று முழுவதும் அவனுக்காக நீங்கள் செய்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிகச் சிறியது எதுவோ, அதை நாளை மாலை அவனிடம் கொடுங்கள்.